இரண்டு மில்லிமீட்டர்

வெள்ளிக்கிழமைச் சந்தையில்
பிரஷர் குக்கர் மூடிகளுக்கும்
ஜோடி தொலைத்த ஒற்றை ஸ்கேட்டுக்கும் நடுவே
கவிழ்ந்து கிடந்தது.
வார்ப்பிரும்பு எஞ்சின். புகைபோக்கி, மணி,
முன்னால் மாடு தள்ளும் கம்பி,
ஓட்டுநர் அறைக்குப் பக்கத்துக்கு இரண்டு ஜன்னல்.
அசல், மேடம், என்றான் நூர்வலி.
நூறு வருஷம். துருவைப் பாருங்கள்.

துருவை நான் பார்ப்பதில்லை.
குவைத்தில் ஓர் ஆகஸ்ட் போதும்,
போன மாதம் வாங்கிய கத்தரிக்கோலுக்கும்
நூறு வயதாகிவிடும்.

சக்கரத்தில் ஆரக்கால் எட்டா, பத்தா.
இரண்டு பாதியையும் பிடித்திருப்பது
அடித்துத் தட்டையாக்கிய ஆணியா, திருகா.
திருகென்றால் அதன் தலையில்
ஒற்றைக் கோடா, கூட்டல் குறியா.
கூட்டல் குறியென்றால்
அடுத்த கடைக்கு நடையைக் கட்டலாம்.
பாதிகள் சேருமிடத்தில் நகம் இறங்குகிறதா.
வயிற்றுக்குள் விரல் விட்டால்
மாவா, ரவையா.
இது ரவை. நைஸ் ரவை.
ஆனால் ஆணி.
இரண்டே முக்கால் தினாருக்குப் பேசி முடித்தேன்.

எனக்கு வேலை சால்மியாவில்
ஒரு கிளினிக்கின் பின்னறையில் பல் வார்ப்பது.
மெழுகில் செதுக்கி, அச்சில் புதைத்து,
மெழுகை ஓடவிட்டு உலோகம் ஊற்ற,
முகம் தெரியாத யாருடைய கடைவாயோ
என் மேஜையில் ஆறும்.
ஆறும்போது சுருங்கும்.
அந்தச் சுருக்கத்துக்கு
முன்கூட்டியே இடம் விடுவதற்குத்தான் சம்பளம்.

அறையில் ஏற்கெனவே ஒன்று உண்டு.
மூன்று வருஷம் முன்பு, இதே சந்தை,
வேறொரு ஆள், ஏழு தினார்.
நைட் டியூட்டி முடிந்து வந்த எப்சிபா
கட்டிலடியில் அது தட்டி விழுந்து
முட்டியைத் தேய்த்தபடி சொன்னாள்:
"ரயிலே இல்லாத நாட்டுல
ரயில்ல அடிபட்டேன்னு
லீவ் லெட்டர் எப்படிடி எழுதறது?"

இரண்டையும் பழைய துண்டின்மேல் நிறுத்தினேன்.
ஆரக்கால் பத்து, பத்து.
ஜன்னல் இரண்டு, இரண்டு.
நிலக்கரிப் பெட்டியில் வார்த்த எண்
என்னுடையதில் எடுப்பாக,
இதில் கரைந்த சோப்பில் மிஞ்சிய பெயர்போல.
வேறு வகையோ?
எந்தப் பட்டியலிலும் ஏறாத வகையோ?
பத்து நிமிஷம் நான் பணக்காரி.

அப்புறம் வெர்னியரை வைத்தேன்.
அது இருநூற்று நான்கு.
இது இருநூற்று இரண்டு.
நூற்றுக்கு ஒன்று. இரும்பின் கணக்கு.
பழையதை மணலில் அமுக்கி
அது விட்டுப்போன பள்ளத்தில் ஊற்றியிருக்கிறார்கள்.
போலி.

துடைத்து எடுத்து வைக்கையில்தான் கண்ணில் பட்டது.
என்னுடையதன் ஏறும் படியில் ஒரு மூளி,
அரிசி நொய் அளவு.
எந்தப் பிள்ளை எந்தத் தரையில் போட்டதோ.
இதிலும் அதே படி, அதே மூளி.
அதில் விரலைக் கீறும் விளிம்பு.
இதில் வழுவழு.
இது உடையவேயில்லை.
உடைந்தபடி வார்த்தது.

அப்படியானால் அந்த மணலில் படுத்திருந்தது
ஏதோ ஓர் அசல் இல்லை.
என் கட்டிலடியில் கிடப்பது.

எந்த ஊர்ப் பட்டறை என்று தெரியாது.
ஒரு சிட்டிகை மெழுகு போதும்,
அமுக்குவதற்கு முன்னால் அடைத்திருக்கலாம்.
நானென்றால் அடைத்திருப்பேன்,
மூளிப் பல்லை மூளியாகவே கேட்டு
யாரும் வருவதில்லை.
அந்த ஆள் அடைக்கவில்லை.
கூலி அவ்வளவுதானோ,
மத்தியானச் சாப்பாட்டுக்கு மணியடித்துவிட்டதோ.

அடுத்த வெள்ளி நூர்வலி தூரத்திலேயே
என் முகத்தைப் படித்துவிட்டான்.
போலியா, மேடம்? காசு திருப்பித் தரவா?
வேண்டாம். இதே மாதிரி வேறு வந்தால் எடுத்து வை.
படி உடைந்ததாக.
நல்லதாகவே கிடைக்கும், மேடம்.
நல்லது வேண்டாம்.

தோளைக் குலுக்கிவிட்டு அவன்
குக்கர் மூடிகளை அடுக்கப் போனான்.
வெர்னியர் இப்போது கைப்பையிலேயே இருக்கிறது.
போலியையும் யாராவது மணலில் அமுக்கியிருந்தால்
அது இருநூறு இருக்கும்.