ஏழுக்கு ஏழு

முதல் கட்டக் காசு அத்திவாரத்தோடு முடிந்தது.
இரண்டாவதுக்கு ரீ.ஓ. வந்து
"லிண்டல் முடிஞ்சுதோ?" என்றார்.
கதவு நிலையின் தலைமட்டும் கல்லு வந்திருந்தது,
அதைத்தான் கேட்கிறாராக்கும் என்று
ஓம் எண்டன்.
ஹெல்மெட் கழற்றாமலே ஒருமுறை சுற்றிவந்து
"இல்லை" என்று எழுதிப் போனார்.
அந்த இல்லைக்கு
ஒரு மாதமும் பதினொரு நாளும் விலை.

பிறகு பலகை அடித்து, கம்பி கட்டி,
கொங்கிறீற் ஊற்றினோம்.
முட்டுக் கழற்றப் பதினாலு நாள்.
காலையும் பின்னேரமும் தண்ணி ஊற்றுவதைத் தவிர
வேறு வேலை இல்லாத பதினாலு நாள்.

அடுத்த காணித் தயாபரி
சீமெந்துப் பையின் உள்தாளை உரித்து
ஏழுக்கு ஏழு கோடு போட்டாள்.
முகாமில் தண்ணி வரிசையில் நின்றபடி
மூன்று மாதம் பழைய பேப்பரிலும்
குறுக்கெழுத்து நிரப்பினவள்.
"கட்டம் எண்டால் அவங்களுக்குக் காசு,
எனக்குப் பெட்டி. பிடி பென்சிலை."

இடமிருந்து வலம், நாலெழுத்து:
கதவின் தலைக்குமேல் படுத்திருக்கும், நித்திரை கொள்ளாது.
லி ண் ட ல்.
அழுத்தின அழுத்தில் முனை முறிந்தது.

மேலிருந்து கீழ், ஐந்து:
பிரிய விடாது, அசைய விடும்.
கலியாணம் என்று எழுதினேன்.
எண்ணிப்பார், சரியாக ஐந்து.
அவள் எச்சில் தொட்டு அழித்து
பிணைச்சல் என்று எழுதினாள்.
கதவு வைக்காத வீட்டில்
அன்று நெடுநேரம் சிரித்தோம்.

தீராந்தி வந்தது. சலாகை வந்தது.
வளை, ரெண்டெழுத்து.
படி, ரெண்டெழுத்து: ஏறவும் வாசிக்கவும்.
குந்து. பூட்டு.
"பாரன், வீட்டுச் சொல்லெல்லாம்
ஆரோ ஏவுற மாதிரி இருக்கு" என்றேன்.
"பொறு" என்றாள் தயாபரி.

பன்னிரண்டாம் நாள்
வலது கீழ்மூலை மட்டும் மிச்சம்.
மேலிருந்து கீழாக வீடு என்று
அவளே எழுதி வைத்திருந்தாள்.
அதன் காலடியில் முட்டுவது, இடமிருந்து வலம், ரெண்டெழுத்து:
தலைக்கு மேலே இருந்தால் பெயர்ச்சொல்.
தலைக்கு மேலே கேட்டால் வினைச்சொல்.

எண்ணாமலே எழுதினேன், ஓ.
டு ஏற்கெனவே நின்றது.

விசுவமடுவும் அந்த எழுத்தில்தானே முடியுது
என்றேன், சும்மா ஒரு பேச்சுக்கு.
அவள் வாளியை எடுத்துக்கொண்டு
லிண்டலுக்குத் தண்ணி ஊற்றப் போனாள்.
என்ரை லிண்டல்.
அவளுடைய முறையும் இல்லை.

ரீ.ஓ. வந்தபோது முட்டுகள் நிலத்தில் கிடந்தன.
அவர் வாய் திறக்க முதல் சொன்னேன்:
ஆறங்குலக் கனம், நாலு கம்பி,
நிலைக்கு ரெண்டு பக்கமும் ஒன்பதங்குலம் சுவரில் இருக்குது,
இனி வளையும் தீராந்தியும் சலாகையும்.
சரி என்று கோடிழுத்தார்.
சீமெந்துத் தாள் குப்புறக் கிடந்தது,
பின்பக்கத்துக் குறிப்புகளைக் குனிந்து வாசித்தார்.
"அஞ்செழுத்து... கலியாணமோ?"
தயாபரி இருமிக்கொண்டு வெளியே போனாள்.

கூரைக் கட்டக் காசு வந்த கிழமை
பரந்தனுக்குப் போய் ஓட்டுக்கு விலை கேட்டோம்.
கடைக்காரர் கல்குலேட்டரைத் திருப்பிக் காட்டினார்.
தகடுதான்.
மத்தியானம் கொதிக்கும்,
மாரியில் ஒருவர் பேச்சு மற்றவருக்குக் கேளாது,
தெரியும்.

இரவு டோர்ச் வெளிச்சத்தில்
ஓவை அழித்துவிட்டு அந்தப் பெட்டிக்குள் க எழுதினேன்.
அதற்கு இடப்பக்கம் கரி பூசி அடைத்த கட்டம்.
தயாபரி பிளேட்டால் மெல்லச் சுரண்டினாள்,
தாள் கிழியாமல், ஒரு த கொள்ளுமளவுக்கு.
டுவில் கை வைக்கவில்லை.