ஃபைனல் ஒன்பது

கொருக்குப்பேட்டை கேட் தாண்டி
தண்ணிக்கேன் குடோனுக்கு மேல் என் ஸ்டூடியோ.
கூட்ஸ் வண்டி போகும்போது யாரும் வாசிக்கக் கூடாது,
அது ஒன்றுதான் இங்கே சட்டம்.
பொறுமையாகப் பெட்டி எண்ணத் தெரிந்த குரூப்
நல்ல குரூப்.

"கிட்டார் என்னண்ணா, அடுத்த தெருவுல வாசிக்குதா?"
என்றான் மெர்வின். ஏற்றினேன்.
ஷப்னம் ஒன்றும் சொல்லாமல்
ஹெட்போனைக் கழற்றி வைத்தாள்.
குரலையும் ஏற்றினேன்.
ட்ரம்ஸ் வயிற்றில் உதைக்கணுமாம் கோபிநாத்துக்கு.
எல்லாம் ஏறியதும் எதுவும் ஏறவில்லை.
எல்லாவற்றையும் இறக்கி
மறுபடி முதலிலிருந்து.

பேஸ் வாசித்த டில்லிபாபு மட்டும் எதுவும் கேட்கவில்லை.
அவன் எண்ணூர் ரோட்டில்
கன்டெய்னர் லாரிகளின் க்யூவில்
ஸ்டியரிங்மேல் கை வைத்து நிற்கிறான்.

ராத்திரி ரெண்டு மணிக்கு
மற்றவர்களை மௌனமாக்கி
அவனை மட்டும் ஓடவிட்டேன்.
இரண்டாவது சரணம், மூன்றாவது வரி முடிகிற இடம்.
நாலு தட்டு காலி.
அன்றைக்கு அவன் பாக்கெட்டில் போன் அதிர்ந்தது
ஞாபகம் வந்தது.
எடுக்கவில்லை. கை மட்டும் நின்றது.
யாரென்று நானும் கேட்கவில்லை.

முதல் சரணத்திலிருந்து
அதே நாலு தட்டை வெட்டி
ஓட்டையில் ஒட்டினேன்.
ஓரங்களைத் தேய்த்தேன்.
பஞ்சர் கடைக்காரர் ட்யூபை அமுக்குவதுபோல்
பாட்டுக்குள் அமுக்கிப் பார்த்தேன்,
குமிழி வரவில்லை.
கீழே நின்ற குட்டியானையின் கிழிந்த ஸ்பீக்கரிலும்
வரவில்லை.
ஷப்னம் ஹெட்போனைக் கழற்றவில்லை.
டில்லிக்கும் வாட்ஸப்பில் அனுப்பினேன்.

நாலரைக்கு வாய்ஸ் நோட்.
பின்னால் ஏர் பிரேக் சீறுகிறது.
"ணா, ரெண்டாவது சரணத்துல அது நான் இல்லியே."

நீதான்டா என்று அடித்தேன்.
அழித்தேன்.
நீதான், ஆனால் அங்கே இல்லை என்று அடித்தேன்.
அதையும் அழித்தேன்.
ஒட்டை உரித்தேன்.
நாலு தட்டு நீளத்துக்கு
ஷப்னம் தரையில்லாமல் பாடினாள்.

இன்னொரு வாய்ஸ் நோட்.
"இருக்கட்டும்ணா, வச்சிரு.
வாசிச்சிருந்தா அப்டித்தான் வாசிச்சிருப்பேன்.
க்யூ நகருது."

திரும்ப ஒட்டினேன்.
ஃபைனல் எட்டை அழித்து ஒன்பது என்று எழுதும்போது
கேட் மணி அடித்தது.
சேமித்தேனா என்று சந்தேகம்.
பார்க்கவில்லை,
பெட்டி எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஐம்பத்தெட்டு.