நாளைக்கு ஒரு குப்பி

கப்பலூர் என்று பேர்.
கப்பலும் வராது, கடலும் கிடையாது.
அங்கே குடோனில் எடை போட்டவன் சேவுகப்பெருமாள்.
குடோனைப் பூட்டி
கணக்கு முடித்துக் கொடுத்த காசில்
இரண்டரை அடிக்குக் கடல் வாங்கினான்.

லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் உப்பு.
'கல்லுப்பு போட்டா ஆகாதாக்கும்?'
கீழ்வீட்டு ஜைத்தூன் கேட்டதற்கு
அவன் சிரித்தது
அந்த மாசத்தில் அந்த ஒரு தடவை.

கோமாளி மீன் இரண்டு,
பாறை இடுக்கில் மீசை மட்டும் தெரியும் இறால் ஒன்று.

ஆடி முடியுமுன் பச்சை.
முதலில் கண்ணாடியில் தூசி மாதிரி.
அப்புறம் கல்லுக்குத் தலைமுடி முளைத்தது.
பம்ப்பு தள்ளும் பக்கமெல்லாம்
சாய்ந்து சாய்ந்து
துவட்டாத கூந்தலாய் அது அசைவதைப் பார்த்தால்
அழகுதான், என்ன செய்ய.

பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன்.
மெல்லிய குழாயை வாயில் வைத்து இழுத்து
பக்கெட்டில் விட்டேன்
(ஒரு தரம் விழுங்கியும் விட்டேன்).
தப்பிய துணுக்கு ஒன்று
மறுநாள் வேறொரு கல்லில் குடியிருந்தது.

போர்த்தண்ணீரைச் சந்தேகப்பட்டு
வடிகட்டிய கேன் வாங்கினோம்.
பத்து மணி நேர விளக்கை ஆறாக்கினோம்.
கீழவாசல் கடைக்காரர்
'மருந்து ஊத்துங்கக்கா, ஒரே நாள்ல போயிரும்' என்றார்.
இறாலும் போகுமா என்றேன்.
பேச்சை மாற்றி எட்டு நத்தை விற்றார்.

மூன்று நாள் கறுப்புப் போர்வை மூடிவைத்தோம்.
கூடத்தில் யாரோ செத்த மாதிரி
மெதுவாகப் பேசிக்கொண்டோம்.
நான்காம் நாள் கல் வெளுத்திருந்தது.
இரண்டாவது வாரம் மறுபடி முடி.

பகலில் நான் ஊர்க்காரர் ரத்தத்தில்
சர்க்கரை பார்க்கிறவள்.
ராத்திரி தொட்டித் தண்ணீரில் பாஸ்பேட்.
துளி விட்டுக் குலுக்கி ஐந்து நிமிடம் காத்தால்
நீலம்.
எத்தனை தடவை குலுக்கினாலும் நீலம்.

கே.கே. நகர் லேப் மாடி ஜன்னலில் நின்றால்
வண்டியூர்க் கண்மாய் தெரியும்.
தண்ணீரே தெரியாமல் ஆகாயத்தாமரை.
வாரி வாரிக் கரையில் போடுகிறார்கள்.
வாரும்போதே இன்னொரு பக்கம்
சாக்கடை வாய் திறந்திருக்கிறது.
சோறு கிடைக்கும்வரை
பச்சைக்கு என்ன கவலை?

அன்றைக்குத்தான் தீனி டப்பாவில்
பேனாவால் கோடு போட்டேன்.
காலை ஒரு சிட்டிகை, ராத்திரி ஒரு சிட்டிகை,
மூன்று மாசம் வர வேண்டியது.
பத்தொன்பது நாளில் தகரம் தெரிந்தது.

லேப்பில் கரண்ட் போன ஒரு மத்தியானம்
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறினேன்.
தொட்டி முன்னால் நிற்கிறான்.
இரண்டு மீனும் கண்ணாடிக்கு ஓடி வருகின்றன.
போடுகிறான்.
ஜன்னல்வரை போய்
காலித் தெருவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறான்.
மறுபடி ஓடி வருகின்றன,
முதல்முறை பார்ப்பதுபோல.
போடுகிறான்.

கீழே இறங்கி
ஜைத்தூன் வீட்டில் டீ குடித்துவிட்டு
சாயங்காலம் வழக்கம்போல வந்தேன்.

ஏழு சேம்பிள் குப்பி, மூடியில் தேதி.
ஒவ்வொன்றிலும் ஒரு நாளுக்கான தீனி.
'இனி நீயே போடு.
நான் கை வைக்கல' என்றேன்.
குப்பியை வெளிச்சத்தில் தூக்கி
எடை பார்க்கிற கண்ணால் பார்த்தான்.
'இம்புட்டுத்தானா' என்றான்.
'இம்புட்டுத்தான்.'
வேறு ஒன்றும் கேட்கவில்லை.
அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று
எனக்கும் தெரிந்தது.

இப்போது ஒரு குப்பியைப்
பன்னிரண்டாகப் பிரிக்கிறான்.
ஊசி முனையில் எடுத்து
ஒவ்வொரு மணியாக, பைய.
மீன்கள் பன்னிரண்டு தடவை வருகின்றன.

பம்ப்புக்குப் பின்னால்
கைக்கெட்டாத இடத்தில் ஒரு கொத்து
இன்னும் ஆடுகிறது.
நத்தைகள் அந்தப் பக்கம் போகவே மாட்டேன் என்கின்றன.

நேற்று குலுக்கிய குப்பியில்
நீலம் இருந்தது.
துவைத்த சட்டை நீலம்.
பக்கத்தில் வந்து நின்று பார்த்தவன்
'வெளுத்திருக்கா?' என்றான்.
ட்யூப்லைட்டுக்குக் கீழே பிடித்துக் காட்டினேன்.