கைச்சூடு

நஸ்ரின் என் நடுவிரலில் ஒரு ஒயரை ஒட்டுகிறாள்.
இருபத்து மூன்று புள்ளி ஆறு என்கிறது திரை.
குன்னூர், டிசம்பர், காலை ஒன்பது மணி.
கசாப்புக் கடைக் கொக்கியில் தொங்குவதுகூட
இதைவிடச் சூடாயிருக்கும் என்றேன்.
சிரிக்காமல் எழுதிக்கொண்டாள்.

பிறகு அந்தக் கண்ணாடி.
கண்ணாடி என்று பேர்தான்,
வெல்டிங் பட்டறை முகமூடிபோல் கனக்கிறது.
உள்ளே திடீரென்று ஒரு கடற்கரை.
தென்னைகள். ஆளில்லை, படகில்லை, கருவாட்டு வாசமில்லை.
அலை வருகிறது, வருகிறது, வருகிறது.

"எப்படியிருக்கு சவரிநாதண்ணே?"
"நல்லாயிருக்கும்மா."

வேளாங்கண்ணிக்குப் போன என் மச்சினன்
அந்த டிசம்பரில் திரும்பவில்லை.
அதை நான் அவளிடம் சொல்லவில்லை.
விரல் சொல்லிவிட்டது:
இருபத்து இரண்டு புள்ளி எட்டு.

படத்தை மாற்றினாள். பனிமலை.
"பனிக்கு எதுக்கும்மா கரண்டு,
ஜன்னலைத் தொறந்தா உள்ள வருமே."
இந்தமுறை சிரித்தாள்.
எல்லாப் படத்தையும் அணைக்கச் சொன்னேன்.

இருட்டு.
நடுவில் ஒரு வெளிச்ச உருண்டை மட்டும்.
மூச்சை இழுத்தால் பெரிதாகிறது, விட்டால் சுருங்குகிறது.
இது எனக்குத் தெரிந்த இருட்டு.
ஹில்குரோவ் தாண்டிக் குகைக்குள் நுழைந்ததும்
பெட்டிக்குள் பிள்ளைகள் ஊளையிடுவார்கள்,
மறுமுனை காசளவு வெளிச்சமாக வரும்,
வாசலில் நான், கையில் பிரேக்.

இருபத்தேழு வருஷம் மலை ரயிலில் பிரேக்ஸ்மேன்.
பெட்டிக்கு ஒரு ஆள்.
இஞ்சின் ஊதினால் அத்தனை பேரும் சேர்ந்து முறுக்குவோம்.
புதுசாக வருகிறவன் பயத்தில் முழுக்க முறுக்குவான்.
முழுக்க முறுக்கினால் சக்கரம் நிற்கும்,
வண்டி நிற்காது.
கிறீச்சென்று பொறி பறக்க
வழுக்கிக்கொண்டே போகும்.

தண்டவாளத்தில் விழுந்த பாறையை நெம்பப்போய்
இடுப்பில் ஏதோ அறுந்தது.
எல் நாலு, எல் அஞ்சு. ஒரு ஆபரேஷன்.
அன்றிலிருந்து வலது காலுக்குள்
யாரோ சுடுதண்ணீர் ஊற்றிக்கொண்டேயிருக்கிறார்கள்.
"வலி காலில் இல்லை, மூளையில்தான்" என்றார் டாக்டர்.
பொய் சொல்கிறேன் என்கிறாரோ என்று
இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை.

ஆறு வருஷமாக நான் முறுக்கி வைத்திருப்பது:
பல், தோள், அடிவயிறு,
பிலோமினாவிடம் பேச வேண்டிய நாலு வார்த்தை.

தாடையைக் கால் சுற்று தளர்த்தினேன்.
உருண்டை மெல்லச் சுருங்கியது.
தோளைக் கால் சுற்று.
இருபத்து நாலு புள்ளி ஒன்பது என்றாள் நஸ்ரின்,
பக்கத்து வீட்டுப் பையனின் மார்க்கைச் சொல்வதுபோல.
இருபத்தாறு.
இருபத்தேழு புள்ளி இரண்டு.
கரண்டு போயிற்று. உருண்டையும்.

வலி போனதா என்று கேட்காதீர்கள்.
சுடுதண்ணீர் ஊற்றியபடிதான் இருந்தது.
பதினொரு நிமிஷம்
நான் வழுக்கிக்கொண்டு போகவில்லை, அவ்வளவுதான்.
மவுண்ட் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றபோதே
பழையபடி ஏறிவிட்டது.
ஆனாலும் அந்தக் கையை
ஸ்வெட்டர் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன்,
அவித்த முட்டையைக் கொண்டுபோகிறவன்போல.

ராத்திரி இரண்டரை மணிக்கு
வழக்கம்போல் எழுப்பிவிட்டது.
ஒயர் இல்லை, உருண்டை இல்லை,
எண் சொல்ல ஆளில்லை.
தகரக் கூரையில் பனி சொட்டுகிற சத்தம்.
பல்லைத் தளர்த்தினேன்.
மூச்சை விட்டேன்,
இன்னும் கொஞ்சம் விட இருந்தது, அதையும்.

ரொம்ப நேரம் கழித்து
பிலோமினாவின் மணிக்கட்டில் கை வைத்தேன்.
"கை சுடுதே, காய்ச்சலா?" என்றாள்
அரைத்தூக்கத்தில்.

எவ்வளவு இருக்கும் என்று கேட்டேன்.
அதற்குள் தூங்கிவிட்டாள்.