தேசியம்: தேர்வு செய்க

ரூவி பஸ் நிலையத்துக்குப் பின்சந்து.
டைப்பிங் சென்டரில் மூன்று நாற்காலி,
நடுவில் இருப்பது என்னுடையது.
விசா, வாடகை ஒப்பந்தம், தொலைந்த பாஸ்போர்ட்டுக்கு மனு.
அரபியில் அடிக்க ஒரு ரியால்,
அழுதுகொண்டே சொன்னாலும் ஒரு ரியால்.

செவ்வாய் முதல் கதவு மூடவேயில்லை.
வாட்ஸ்அப்பில் வந்ததாம்:
குறைந்த சம்பளக்காரர் பிள்ளைக்குக்
கேஜி கட்டணத்தை அரசே கட்டுமாம்.
கீழே கைகூப்பும் பொம்மை மூன்று,
இருபது பேருக்கு அனுப்பச் சொல்லி.

ஞானசீலன் நாலாவது ஆள்.
தண்ணீர் டேங்கர் ஓட்டுகிறார்,
சட்டைக் கை முழங்கைவரை இன்னும் ஈரம்.
சம்பளச் சீட்டு நூற்று முப்பத்தைந்து.
பள்ளி கேட்பது மாதம் நாற்பது,
வேன் பன்னிரண்டு, சீருடை தனி.
கழித்துப் பார்த்த கணக்கு
டீசல் ரசீதின் முதுகில் இருந்தது.
வாடகைக்கு வருமுன்பே
பேனா நின்றுபோயிருந்தது.

மனைவி செல்வமரி
விடியலிலிருந்து மூன்று வீடு பெருக்குகிறாள்.
அவள் திரும்பும்வரை ரெபினா
அடுத்த அறை வங்காள அக்காவிடம்,
அக்கா கண்ணயர்ந்தால் யூடியூபிடம்.
நான்கு வயது. நிறங்களின் பெயரெல்லாம்
ஆங்கிலத்தில் வருகிறது,
பெயின்ட் விளம்பரக்காரனின் குரலில்.

'ஊரில் பால்வாடி சும்மாதானே?' என்றேன்.
'முட்டையும் தருவாங்க' என்றார்.
'கூட்டிட்டுப் போக ஒரு ஆள் வேணுமே,
அதைத் தரமாட்டாங்க.'

பெயர். பத்தாக்கா எண். கைப்பேசி.
மூன்று கட்டமும் பச்சையாயின.
நான்காவது: தேசியம், தேர்வு செய்க.
அம்புக்குறியைத் தட்டினேன்.
மற்ற விண்ணப்பங்களில் அந்தப் பட்டியல்
கேள்விப்படாத தீவுகளையெல்லாம் கூட்டிக்கொண்டு
விரல் வலிக்க இறங்கும்.
இது திறந்த இடத்திலேயே முடிந்தது.
உள்ளே ஒரே ஒரு நாடு.
எங்களுடையது அல்ல.

சுற்றறிக்கையை மறுபடி திறந்தேன்.
வாட்ஸ்அப்பில் யாரோ வெட்டியெறிந்த கடைசி வரி
அரபியில் அடக்கமாக இருந்தது.
குற்றம் சொல்ல முடியாத வரி.
ஒரு நாடு தன் பிள்ளைக்குத்
தட்டு வைக்கிறது, அதிலென்ன தப்பு?
அந்தப் பிள்ளையின் வீட்டுத் தொட்டியை நிரப்புகிறவர்
எதிரே உட்கார்ந்திருக்கிறார்,
அவர் மேலும்தான் என்ன தப்பு?

சொன்னேன்.
அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்,
இன்னொரு நாடு மெதுவாக இறங்கி வரும் என்பதுபோல.
மேசைக்கடியில் ரெபினா
ஸ்டேப்ளர் ஊசிகளை எண்ணினாள்:
ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு,
அஞ்சு, ஆறு, ஏழு, ஏழு, ஏழு.

'வெள்ளைத் தாளில் எழுதலாமா மேடம்?'
'எழுதலாம். பதில் வராது.'
'வரவேண்டாம். கேட்டதா இருக்கட்டும்.
யாருமே கேட்கலையேன்னு
நாளைக்கு எவனும் சொல்லிடக்கூடாது பாருங்க.'

அடித்தேன். மாண்புமிகு, தாழ்மையுடன்,
எல்லா மரியாதையும் தானாக வந்தது.
பிறகு கை நின்றது.
ஒரு குழந்தை ஏழைத் தாண்டி எண்ண வேண்டும் என்பதற்கு
அலுவலக அரபி எனக்குத் தெரியவில்லை.
காய்கறிக்கடை அரபியிலேயே எழுதினேன்.

ரியாலை வாங்கிக்கொண்டேன்.
வேண்டாமென்றிருக்கலாம்.
மேலே முதலாளியின் கேமரா;
அதைவிட, அவர் நீட்டிய விதம்.

அவர் போனதும் அந்தக் கடைசி வரியைத்
தமிழில், மலையாளத்தில், இந்தியில்,
கூகுளைக் கேட்டு வங்காளத்தில்
பெரிதாக அச்சடித்துக்
கண்ணாடிக் கதவில் ஒட்டினேன்.
வீணாக யாரும் கால்கடுக்க வேண்டாம்.

படித்தார்கள்.
எழுத்தறியாதவருக்கு
முன்னால் நின்றவர் படித்துக்காட்டினார்.
வரிசை கலையவில்லை.

பையனை அனுப்பினேன்,
ஏ-ஃபோர் தாள் ஒரு கட்டு வாங்கிவர.