இரண்டு வெள்ளை

அறுபத்து மூன்று குஞ்சுகள்.
மண்குழாய்க்குள் டார்ச் அடித்து
மூன்று தடவை எண்ணினேன்.
அத்தனையும் பழுப்பு.

தாய் வெள்ளை, என் தொட்டியில் பிறந்தவள்.
தகப்பனும் வெள்ளை,
கெர்வாஸி போலந்திலிருந்து ரயிலில்
மடியில் வைத்துக் கொண்டுவந்த
பாலித்தீன் பைக்குள் இருந்தவன்.
சிவந்த கண்,
மூக்கெல்லாம் முள்தாடி,
திரைச்சீலை மாதிரித் துடுப்பு.
முட்டைகளுக்கு விசிறியபடி
குழாய் வாசலை அடைத்துக் கிடந்தான் ஒன்பது நாள்,
சுரைக்காய்த் துண்டைத் திரும்பியும் பார்க்காமல்.

ஓஸ்ட்ராவாவில், ஆறாவது மாடியில்,
டிராம் பணிமனை இரவு வேலை முடிந்து வந்து
செய்தி தட்டினேன் கெர்வாஸிக்கு:
"பக்கத்துப் பழுப்பன்
தடுப்பைத் தாண்டியிருக்கிறான்.
வேறென்ன?"

பின்னால் நின்று வாசித்த த்ரஹொமீரா
என் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.
அவள் கைகள் நிதானமாகச் சொன்னன:
"உன் அம்மாவும் இதைத்தான் சொன்னாள்.
மூடி விழுந்த சத்தத்துக்குக்
குழந்தை திரும்பிய அன்று."

என் கைகள் மேஜைமேல் கிடந்தன.

கெர்வாஸி மறுநாள் எழுதினான்:
"என் வெள்ளைக்கு ஒரு குறை,
உன் வெள்ளைக்கு வேறு குறை.
ஒரு வீட்டில் மாவில்லை,
மறு வீட்டில் அடுப்பில்லை.
சேர்ந்தால் ரொட்டிதானே, மடையா.
குஞ்சுகளைக் கூடவிட்டுப் பார்,
பதினாறுக்கு ஏழாவது
வெள்ளையாகத் திரும்பும்."

நம்பவில்லை. ஆறு வாரம் காத்திருந்தேன்.
நாலு செத்தன. மீதியில்
முப்பத்தொன்றுக்குத் துடுப்பு நீண்டது,
தகப்பனுடைய அதே திரைச்சீலை,
பழுப்புத் துணியில்.
பக்கத்துப் பழுப்பனுக்கு
ஏது அவ்வளவு துணி?

ஓத்திலியேவுக்கு
என் காதுமடல்தான்.
நுனி ஒட்டிக்கொண்டு, கீழே லேசாக மடிந்து,
எனக்கு ஒன்றுக்கும் ஆகாத அதே காது.
பன்னிரண்டு வருஷமாகப் பார்க்கிறேன்.
அம்மா சாகும்வரை
அதை அவளுக்குக் காட்டத் தோன்றவில்லை.

ஏழு வெள்ளை வந்தால்
எது மாவில்லாதது, எது அடுப்பில்லாதது என்று
பார்த்துச் சொல்ல முடியாது.
இரண்டும் இல்லாததும் ஒன்றிருக்கும்.
கூட்டிவிடலாமா என்று யோசித்தபடி
கண்ணாடியில் உள்ளங்கை வைத்து
மோட்டாரின் துடிப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

யாரோ தோளைத் தட்டினார்கள்.
அடுத்த அறையிலிருந்து எழுந்து வந்திருக்கிறாள்,
பென்சில் இன்னும் வாயில்.
"பம்பு கரகரக்குதுப்பா,"
என்றாள், கையால்.