பதம் பிரித்தல்

வூப்பர்ட்டால் நகரத்தின் வரைபடம்
என்னிடம் இருப்பது வேறு.
அதில் தேவாலயம் இல்லை, பூங்கா இல்லை.
ஆற்றுக்கு மேலே தொங்கிப் போகும் ரயிலின்
எந்த நிலையத்தருகே கழிப்பறை திறந்திருக்கும்,
எதற்கு ஐம்பது சென்ட்,
எந்தக் கடைக்காரி கெஞ்சினால் சாவி தருவாள்.
அவ்வளவுதான்.

குடல் அழற்சி.
தமிழில் எழுதிப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது.
உள்ளே அழல் இருப்பது
உரத்துச் சொன்னால்தான் தெரியும்.
நான் உரத்துச் சொன்னதில்லை.

பிஸ்கட் பொதி செய்யும் மண்டபத்தில்
மேற்பார்வையாளர் லோமான் எண்ணினார்.
திங்கள் ஏழு தடவை. செவ்வாய் ஒன்பது.
நாலு கோடு, குறுக்கே ஐந்தாவது,
சிறைச்சுவரில் நாள் எண்ணுவது போல.

அட்டை அதற்கு முன்னமே வந்திருந்தது.
பச்சை நிறம், உள்ளங்கை அளவு, என் படம்.
ஆஸ்பத்திரியில் யாரோ நிரப்பிய படிவத்தில்
விரல் காட்டிய இடத்தில் ஒப்பமிட்டதன் பலன்.
ஷ்வேர்பெஹிண்டர்டன்அவுஸ்வைஸ்.
ஒரு மூச்சுக்குள் அடங்காத சொல்.
பள்ளியில் புணர்ச்சி விதி படித்தவள் நான்,
பிரித்தேன்:
பாரம், தடை, காட்டும் தாள்.
கேதீஸ் பிரிக்கவில்லை. ஊனம் என்றார்.
"நாளைக்குப் பிள்ளைக்குச் சம்பந்தம் பேச வேண்டாமே?
ஒருத்தருக்கும் காட்டாதேயும்."
தாலிக்கொடிப் பெட்டிக்கு அடியில் வைத்தேன்.

வேலைநீக்கக் கடிதம் ஒரு வெள்ளிக்கிழமை
மலிவு விற்பனைத் தாள்களுக்கு நடுவில் கிடந்தது.
உடல்நிலை காரணம். இனி வரத் தேவையில்லை.
மரியாதையுடன், லோமானின் முதலாளி.

பன்னிரண்டு நாள்
வேலைக்குப் போவது போலவே வெளிக்கிட்டேன்.
ஒபர்பார்மனில் ஏறி ஃபோவிங்கெலில் இறங்கி
மறுபடி ஏறி,
ஆற்றின் நீளத்தைச் சாப்பாட்டுப் பெட்டியோடு அளந்தேன்.

பதின்மூன்றாம் நாள் எதிர் இருக்கையில் டொரோட்டா,
மூன்றாம் பட்டையில் என்னோடு நின்றவள்.
கேட்காமலே சட்டைக் கையை உயர்த்தினாள்:
தோலில் ஒட்டிய சர்க்கரை அளக்கும் வட்டு.
"உன்னிடம் பச்சை அட்டை இருக்கா?"
"இருக்கு."
"அவங்களுக்குத் தெரியுமா?"
"தெரியாது."
போலிஷில் ஏதோ சொன்னாள்.
மடச்சி என்பது எந்த மொழியிலும் விளங்கும்.

அட்டை உள்ளவரை நீக்க
அலுவலகம் ஒன்று சம்மதிக்க வேண்டுமாம்.
கேளாமல் நீக்கினால் செல்லாதாம்.
ஆனால் இருக்கிறது என்று நீ சொல்ல வேண்டும்,
கடிதம் வந்து மூன்று கிழமைக்குள்.
அதற்குள் வழக்கும்.

அன்றிரவு நாட்காட்டியில் நானும் கோடு போட்டேன்.
நாலு, குறுக்கே ஐந்தாவது.

பதினேழாம் நாள் தொழில் நீதிமன்றம்.
வக்கீல் இல்லாமல் வாயால் சொன்னால்
எழுதிக்கொள்ள அங்கே ஓர் அறை.
வாசலில் நான் முதலில் கேட்டது கழிப்பறையை.
காவலாளி கை காட்டினார். எண்ணவில்லை.

பெயர்? சுகிர்தமலர்.
எழுத்தெழுத்தாய்ச் சொன்னேன், இரண்டு தரம்.
நோய்?
பதினொரு வருடம் வாய்வு என்றும்
விரதம் என்றும் சமாளித்த வாயால்
சொன்னேன்.
அந்தப் பெண் தட்டச்சு செய்தாள்,
வேறு எதையும் தட்டச்சு செய்வது போல.
பிறகு அச்சு இயந்திரத்தில் தாள் சிக்கிக்கொண்டது.

காத்திருக்கையில் சொல்லைப் பார்த்தேன்: கிளாகெ.
இவர்களுக்கு
வழக்கும் புலம்பலும் ஒரே சொல்.
நமக்கு
வழக்கும் வழமையும் ஒரே சொல்.
மூடி வைப்பது எங்கள் வீட்டு வழக்கு.
இன்று தொடுத்தது வேறு.

முதலாளிக்கு அட்டையின் நகல், பதிவுத் தபாலில்.
பற்றுச்சீட்டை மூன்று முறை மடித்து வைத்தேன்.
தீர்ப்பு எப்படியோ, தெரியாது.
திரும்பும் வழியில் இரண்டு இடத்தில் இறங்க வேண்டியிருந்தது,
இரண்டாவதில் சில்லறை போதவில்லை.

வீட்டில் கேதீஸ் கேட்டார்:
"இவ்வளவு நேரம் எங்கே போனனீர்?"
இருபத்தொன்றில் நாலு நாள் மிச்சமிருந்தது.
சொன்னேன்.